பெயரும் வேரும்: தனுண்டா என்னும் திராட்சை நகர்

பினாங்கில் கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் நிற்கும் பிரான்சிஸ் லைட்டின் சிலையை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். தந்தையின் உருவப்படம் எதுவும் கிடைக்காமையால், மகனின் முகச்சாயலைக் கொண்டே அச்சிலை வடிக்கப்பட்டது என்பர். அந்த மகனின் பெயர் வில்லியம் லைட். 1786-இல் கெடாவில் பிறந்து, சிறுவயதைப் பினாங்கில் கழித்தவர். பின்னாளில் தென் ஆஸ்திரேலியாவின் முதல் தலைமை நில அளவையாளராகி, அடிலெய்டு மாநகரைத் திட்டமிட்டவர்.

அவர் 1837-இல் அடிலெய்டுக்கு வடகிழக்கே உள்ள ஒரு மலைத்தொடருக்குப் பெயர் சூட்டினார். ஸ்பெயின் நாட்டில் பர்ரோசா என்னுமிடத்தில் 1811-இல் நிகழ்ந்த போரில் வென்ற தளபதி தாமஸ் கிரகாம் அவருடைய நண்பர். அவ்வெற்றியின் நினைவாக வைத்த பெயர் அது. ஆனால், பதிவேட்டில் எழுதியவர் கைப்பிழையால் உரோம எழுத்தில் இரட்டித்து வரவேண்டிய ரகரம் ஒற்றையாயிற்று. ஒற்றையாய் இருந்த சகரம் இரட்டித்தது. பர்ரோசா, பரோசா ஆயிற்று. திருத்தப்படாத அந்த எழுத்துப்பிழைதான் இன்று உலகச் சந்தையில் பெருமதிப்புப் பெற்ற வணிகப் பெயராக விளங்குகிறது.

பரோசாப் பள்ளத்தாக்கின் நடுவில் உள்ள தனுண்டா என்ற சிறு நகரைப் பற்றியது இவ்வுரை. அங்கே திராட்சை விளைகிறது. அதிலிருந்து ஒயின் வடிக்கப்படுகிறது. மதுவைப் புகழ்வது என் நோக்கமன்று. ஒரு சிற்றூர் இருமுறை தன் வேரை இழக்கும் நிலைக்கு வந்து, இருமுறையும் மீண்டது எவ்வாறு என்பதே நம் ஆய்வுப்பொருள். அந்த மீட்சியில் மரபுக்குப் பங்குண்டு, பொருளியலுக்கும் பங்குண்டு. மொழிக்கு உரிய பங்கு என்ன என்பதை இறுதியில் காண்போம்.

ஊர் எழுந்த வகை

தனுண்டா, அடிலெய்டிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இப்பகுதி ஙஜூரி, பெரமாங்க் முதலிய பழங்குடி மக்களின் நிலம். தமிழில் சொல்லின் முதலில் காண்பதற்கு அரிதான ஙகரம், அம்மக்களின் பெயரிலேயே முதலெழுத்தாக நிற்கிறது. தனுண்டா என்பதும் ஒரு பழங்குடிச் சொல்லே. நீர்நிலையைக் குறிக்கும் சொல் அது என்பர்.

பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம், தம் நாட்டின் லூத்தரன் திருச்சபையையும் சீர்திருத்தத் திருச்சபையையும் ஒன்றாக இணைத்து, ஒரே வழிபாட்டு முறையைத் திணித்தார். அதனை ஏற்க மறுத்த லூத்தரன் குடியானவர்கள், அகஸ்ட் காவெல் என்ற போதகரின் தலைமையில் 1838-இல் தென் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். ஜார்ஜ் ஃபைஃப் ஆங்காஸ் என்ற ஆங்கிலேய வணிகர் அவர்களுக்குப் பணம் கடனளித்தார். 1842-இல் பெத்தனி, 1843-இல் லாங்மைல் என அவர்களின் ஊர்கள் பரோசாவில் எழுந்தன. லாங்மைலை ஒட்டியே தனுண்டா வளர்ந்தது.

பெத்தனியின் அமைப்பு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. வீடுகள் தெருவை நோக்கி வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வீட்டின் பின்னும் நீண்ட பட்டையாக அக்குடும்பத்தின் நிலம் ஓடும். தாய்நாட்டுக் கிழக்கு மாநிலங்களின் ஊரமைப்பை அப்படியே பெயர்த்து வைத்தாற்போன்றது அது.

மக்கள் திராட்சை நட்டனர். லாங்மைலில் 1843-இல் நட்டதாகக் கருதப்படும் ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. மொழியும் அவ்வாறே வேரூன்றியது. பள்ளியிலும் கோயிலிலும் களத்துமேட்டிலும் ஜெர்மன் ஒலித்தது. 1860களில் தனுண்டாவிலேயே ஒரு ஜெர்மன் செய்தித்தாள் அச்சாயிற்று. 1861-இல் தொடங்கிய 'லீடர்தாஃபெல்' என்னும் ஆடவர் பாடகர் குழு இன்றும் பாடிவருகிறது.

பேச்சுமொழி மட்டும் புதிய மண்ணுக்கேற்ப மெல்ல மாறியது. ஆங்கிலச் சொற்கள் புகுந்தன. ஆனால் ஜெர்மன் இலக்கணத்திற்கு அடங்கியே புகுந்தன. இது நமக்குப் புதிதன்று. மலாய்ச் சொல்லான கம்போங், நம் நாவில் 'கம்பம்' ஆனது. உடனே அது மகர ஈற்றுப் பெயராகி, அத்துச் சாரியை பெற்று, 'கம்பத்து வீடு' என நின்றது. சொல் வெளியிலிருந்து வந்தது. அதனை ஆண்ட இலக்கணம் நம்முடையது. 'பரோசா தாய்ச்' எனப்படும் வட்டார ஜெர்மனும் அத்தகைய உயிருள்ள மொழியே.

முதல் பறிப்பு: பெயர்கள்

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. மூன்று தலைமுறைகளாக ஆஸ்திரேலிய மண்ணில் உழுதவர்கள், ஒரே நாளில் பகைநாட்டார் எனப் பார்க்கப்பட்டனர். 1917-இல் தென் ஆஸ்திரேலியாவில் இயங்கிய 49 லூத்தரன் பள்ளிகள் சட்டத்தின் வழியாக மூடப்பட்டன. அதே ஆண்டில் இயற்றப்பட்ட பெயர்மாற்றச் சட்டத்தின்படி, 1918 தொடக்கத்தில் 69 ஜெர்மன் இடப்பெயர்கள் நீக்கப்பட்டன.

லாங்மைல், 'பில்யாரா' ஆயிற்று. குரோன்டார்ஃப், 'கப்மின்யே' ஆயிற்று. 'அருளால் விடுதலை பெற்றது' என்னும் பொருளுடைய க்னாடன்ஃபிரை, 'மரநங்கா' ஆயிற்று. 'பேரரசரின் இருக்கை' எனப் பொருள்படும் கைசர்ஸ்டூல் என்ற மலைக்குப் பிரிட்டிஷ் போர் அமைச்சராக இருந்த கிட்சனரின் பெயர் இடப்பட்டது. ரைன் என்ற பெயர் கொண்டிருந்த இரண்டு ஆறுகள், பிரான்சின் போர்க்களங்களை நினைவூட்டும் சோம், மார்ன் என்ற பெயர்களைப் பெற்றன.

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, தனுண்டாவின் பெயர் தப்பித்தது. அது ஜெர்மன் சொல்லாக இல்லாமல் பழங்குடிச் சொல்லாக இருந்ததே காரணம். மற்றொன்று, ஜெர்மன் பெயர்களை அகற்றிய இடத்தில் அரசு நிரப்பிய பெயர்களுள் பல பழங்குடிச் சொற்கள். நிலத்தை இழந்த மக்களின் சொற்கள், அவர்களைக் கேளாமலே, வேறொரு மக்களின் சொற்களை அழிக்கப் பயன்பட்டன. பெயர்களின் வரலாற்றில் குற்றமற்ற பக்கம் கிடைப்பது அரிது.

பள்ளி மூடப்பட்டதும் மொழிக்கு என்ன நேர்ந்தது? வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. ஆனால், எழுத்து நின்றது. எழுத்தையும் இலக்கியத்தையும் கற்பிக்கும் இடம் போனபின், வீட்டுப் பேச்சு 'கொச்சை' என்று அதனைப் பேசுவோராலேயே எண்ணப்பட்டது. பொது இடத்தில் பேச அஞ்சிய பெற்றோர், பிள்ளைகளிடம் ஆங்கிலத்துக்கு மாறினர். இரண்டாம் உலகப்போர் அந்த அச்சத்தைப் புதுப்பித்தது. கோயில் வழிபாடும் படிப்படியாக ஆங்கிலத்துக்கு மாறியது.

இரண்டாம் பறிப்பு: கொடிகள்

திராட்சைக் கொடிகளுக்கு வந்த இடர் வேறு வகையானது. அதனை அறிய, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைத் தாக்கிய ஒரு பூச்சியை முதலில் அறிய வேண்டும். ஃபில்லாக்செரா என்னும் அந்தச் சிற்றுயிர் வட அமெரிக்காவிலிருந்து வந்தது. திராட்சையின் வேரை உண்டு கொடியைக் கொல்வது. 1860களிலிருந்து பிரான்சின் தோட்டங்களையும், பின் ஐரோப்பாவின் பெரும்பகுதியையும் அது அழித்தது. அதனைத் தாங்கும் அமெரிக்க வேரின் மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டியே அங்குத் திராட்சை பிழைத்தது.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் 1877-இல் இப்பூச்சி காணப்பட்டது. தென் ஆஸ்திரேலியா விழித்துக்கொண்டது. 1899-இல் தனிச்சட்டம் இயற்றி, வெளியிலிருந்து கொடிகள் வருவதைக் கட்டுப்படுத்தியது. இன்றுவரை அம்மாநிலத்தில் அப்பூச்சி நுழையவில்லை. ஆகவே, ஐரோப்பாவிலேயே அழிந்துபோன பழைய கொடிவகைகள், ஒட்டுக்கட்டாமல், தம் சொந்த வேரில் பரோசாவில் நிற்கின்றன. தாயகத்தில் மறைந்தது, புலம்பெயர்ந்த இடத்தில் எஞ்சியது.

அந்தச் செல்வத்தின் மதிப்பை ஊராரே அறியாத காலம் ஒன்று வந்தது. 1970களின் இறுதியில் மக்கள் வெள்ளை ஒயினை நாடினர். செந்நிற ஒயின் தேங்கியது. திராட்சைக்கு விலையில்லை. 1980களின் நடுவில், மிகை விளைச்சலைக் குறைக்க அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: கொடிகளைப் பிடுங்கும் குடியானவருக்குப் பணம். முதிய கொடி குறைவாகவே காய்க்கும். எடைக்கு விலை கிடைக்கும் சந்தையில் அது நட்டக் கணக்கு. எனவே, முதலில் பிடுங்கப்பட்டவற்றுள் முதிய ஷிராஸ், கிரெனாஷ் கொடிகள் மிகுதி. பாட்டன் நட்டதைப் பேரன் பிடுங்கினான். கடனடைக்க அவனுக்கு வேறு வழியில்லை. அவனைக் குறைகூற நமக்கு உரிமையும் இல்லை.

மீட்சியின் மூன்று படிகள்

மீட்சி ஒரே நாளில் வரவில்லை. அதனை மூன்று படிகளாகப் பிரித்துக் காணலாம்.

முதற்படி, வாக்கு. பீட்டர் லேமன் என்பவர் ஓர் ஒயின் ஆலையின் மேலாளர். திராட்சையை வாங்கிக்கொள்வதாகக் குடியானவர்களுக்கு அவர் வாய்மொழியாக உறுதி கொடுத்திருந்தார். விளைச்சலை வாங்க வேண்டாம் என்று நிறுவனத் தலைமை ஆணையிட்டபோது, அந்த உறுதியைக் காக்கும் வழியைத் தேடினார். 1970களின் இறுதியில் புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் மாஸ்டர்சன். அது புகழ்பெற்ற இசைநாடகம் ஒன்றில் வரும் சூதாடியின் பெயர். தாம் செய்வது சூதாட்டம் என்பதை மறைக்காத பெயர். பணம் பின்னர்த் தருவதாகச் சொல்லித் திராட்சையைப் பெற்றார். குடியானவர்கள் நம்பிக் கொடுத்தனர். அந்நம்பிக்கை இல்லாவிடில் இன்னும் பல தோட்டங்கள் அழிந்திருக்கும்.

இரண்டாம்படி, தரம். 1980களில் சிறு ஆலைகள் தோன்றின. முதிய கொடியின் பழத்தைப் பிறவற்றோடு கலக்காமல் தனியே பிழிந்து, தனியே விற்றன. குறைவாகக் காய்க்கும் கொடியின் பழத்தில் சுவையும் நிறமும் செறிந்திருக்கும். எடைக்கு விலை பேசிய சந்தையில் குறையாக இருந்த முதுமை, போத்தலுக்கு விலை பேசிய சந்தையில் சிறப்பாயிற்று. ஒரு நூற்றாண்டுக் கொடியை உண்டாக்க ஒரு நூற்றாண்டு வேண்டும். போட்டியாளர் எவரும் அதனைப் பணங்கொடுத்து விரைவில் செய்ய முடியாது.

தனுண்டாவின் சார்ல்ஸ் மெல்டன் என்ற ஒயின் வடிப்பாளர் செய்த சொல்விளையாட்டு மொழி மாணவர்க்குச் சுவை தரும். பிரெஞ்சில் 'நெஃப்' என்ற சொல்லுக்குப் புதிது, ஒன்பது என இரு பொருள். பிரான்சின் ஷாத்தோநெஃப் து பாப் என்ற ஊர்ப்பெயர் 'போப்பின் புதிய கோட்டை' எனப் பொருள்படும். அவ்வூர் ஒயினின் பாணியில் தாம் வடித்ததற்கு, வேண்டுமென்றே தவறாக மொழிபெயர்த்தாற்போல, 'ஒன்பது போப்புகள்' என்று பெயரிட்டார். அயலாரின் பெயரைக் கடன் வாங்காமல், அதனோடு விளையாடும் துணிவு அது.

மூன்றாம்படி, பெயரிடல். நெடுங்காலம் ஆஸ்திரேலியர் தம் ஒயினை பர்கண்டி, கிளாரெட், ஹெர்மிட்டேஜ் என ஐரோப்பியப் பெயர்களால் விற்றனர். 1994-இல் ஐரோப்பாவோடு செய்த உடன்பாட்டின்படி அப்பெயர்களைப் படிப்படியாகக் கைவிட வேண்டியதாயிற்று. இழப்பாகத் தோன்றியது வரவாக முடிந்தது. இரவல் பெயர் போனதும், சொந்தப் பெயர் தேவைப்பட்டது. 1997-இல் 'பரோசாப் பள்ளத்தாக்கு' சட்டக் காப்புடைய புவிசார் குறியீடாகப் பதிவாயிற்று. அவ்வெல்லைக்கு வெளியே விளைந்ததை அப்பெயரால் விற்க முடியாது.

2009-இல் பரோசா, முதிய கொடிகளுக்கு ஒரு வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. 35 ஆண்டு கடந்தது முதுகொடி. 70 கடந்தது எஞ்சியது. 100 கடந்தது நூற்றாண்டுக் கொடி. 125 கடந்தது மூதாதை. முன்பு 'கிழட்டுக் கொடி' என ஒரே சொல்லால் ஒதுக்கப்பட்டவை, இப்போது நான்கு பெயர்களால் வரிசை பெற்றன. பெயர் வந்தபின் பதிவு வந்தது. பதிவு வந்தபின் விலை வந்தது. விலை வந்தபின் பிடுங்கும் கை தயங்கியது. சொல் பொருளியலைத் தொடும் இடம் இதுவே.

நிலத்துக்கும் காப்பு வேண்டியிருந்தது. அடிலெய்டு வளர வளர வீட்டுமனைகள் தோட்டங்களை நெருங்கின. 2012-இல் இயற்றப்பட்ட பரோசாத் தன்மைப் பாதுகாப்புச் சட்டம், நகர எல்லைக்கு வெளியே விளைநிலத்தைக் குடியிருப்பு மனைகளாகக் கூறுபோடுவதைத் தடுக்கிறது. 1890-இல் கட்டப்பட்டுப் பின் பாழடைந்து கிடந்த சாட்டோ தனுண்டா என்ற மாளிகை போன்ற ஒயின் ஆலை, 1998-இல் கைமாறிச் சீரமைக்கப்பட்டது. 1947-இல் தொடங்கிய அறுவடைத் திருவிழா இன்றும் மக்களை ஈர்க்கிறது. 1924 முதல் விறகு அடுப்பில் ரொட்டி சுடும் அடுமனையும் ஊரில் உண்டு.

மீண்டவையும் மீளாததும்

பெயர்களும் மீண்டன. 1975-இல் லாங்மைல், குரோன்டார்ஃப், கைசர்ஸ்டூல் ஆகிய பெயர்களை அரசு திருப்பித் தந்தது. ஆயினும், அரசுக்கு முன்பே மக்கள் அவற்றைக் காத்துவந்தனர். 1960களில் அரசு வரைபடம் கிட்சனர் மலை என்று காட்டிக்கொண்டிருந்தபோதே, குடியானவர்களின் கூட்டுறவு ஆலை தன் ஒயினைக் கைசர்ஸ்டூல் என்ற பெயரில் விற்றது. வரைபடம் மறந்ததைப் போத்தல் நினைவில் வைத்திருந்தது.

அப்படியானால் மொழி? இங்கேதான் நாம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். தனுண்டாவின் தெருக்களில் ஜெர்மன் எழுத்துகளைக் காணலாம். கடைகளில் 'மெட்வுர்ஸ்ட்' என்ற இறைச்சியையும் 'ஸ்ட்ரொய்சல்கூக்கன்' என்ற இனிப்பு ரொட்டியையும் அவற்றின் ஜெர்மன் பெயராலேயே கேட்டு வாங்கலாம். ஆனால், பரோசா தாய்ச்சைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள் இன்று முதியோர் சிலரே. அவர்கள் அவ்வப்போது ஒன்றுகூடி உரையாடுகின்றனர். ஆய்வாளர்கள் பதிவு செய்கின்றனர். ஒரு மொழி முதலில் பள்ளியை விட்டு நீங்குகிறது. பின் கோயிலை விட்டு. பின் முற்றத்தை விட்டு. இறுதியாக அது தங்கும் இடம் அடுக்களை.

மூன்று மீட்சிகளையும் ஒப்பிடுங்கள். பெயர், ஓர் அரசாணையால் ஒரே நாளில் மீண்டது. கொடி, முதிய கொடியின் குச்சியை வெட்டிப் புது மண்ணில் ஊன்றினால் சில ஆண்டுகளில் காய்க்கும். தாய்க்கொடி ஒன்று உயிரோடிருந்தால் போதும். மொழிக்கு இவ்விரண்டும் போதா. ஒரு தலைமுறையின் வாயிலிருந்து அடுத்த தலைமுறையின் செவிக்கு, நாள்தோறும், வீட்டுக்குள், அது சென்றாக வேண்டும். ஒரு தலைமுறை விட்டுவிட்டால், பெயர்ப்பலகையில் அது அலங்காரமாக நிற்குமேயன்றிப் பேச்சாக எழாது.

மரபு ஊருக்கு உணவளிக்கும் என்பதற்குத் தனுண்டா சான்று. ஆனால், மரபு எல்லாக் காற்றையும் தடுக்கும் சுவரன்று. 2021-இல் சீனா ஆஸ்திரேலிய ஒயின் மீது 218.4 விழுக்காடு வரை இறுதித் தீர்வை விதித்தபோது பரோசாவும் தள்ளாடியது. 2024 மார்ச் இறுதியில்தான் அத்தீர்வை நீங்கியது. ஒரே சந்தையை நம்பிய ஊர், எத்துணைப் பழம்பெருமை உடையதாயினும், இடருக்கு உள்ளாகும்.

ஆசிரியப் பெருமக்கள் இவ்வுரையை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல விரும்பினால், ஓர் எளிய பணியைப் பரிந்துரைக்கிறேன். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம், அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தையோ கம்பத்தையோ தெருவையோ அக்காலத்துத் தமிழர் எப்பெயரால் அழைத்தனர் என்று கேட்டு எழுதிவரட்டும். அரசுப் பதிவில் உள்ள பெயரையும் அருகில் எழுதட்டும். இரண்டும் வேறுபட்டால், ஏன் வேறுபட்டன என்று அம்முதியவரையே கேட்கட்டும்; அவர் சொல்வதைத் தமிழிலேயே எழுதட்டும். அக்கேள்வியும் விடையும் தமிழில் நிகழ்வதே அப்பணியின் முதற்பயன். தனுண்டாவின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று அந்த வாய்ப்பு அரிது. நம் வீடுகளில் அது இன்னும் இருக்கிறது.